மொய் நோட்டும் உடையார்குடிக் கல்லும்

(பட்டிமன்றத் தலைப்பு: வரலாற்றை நமக்குத் தருவது சான்றுகளா, அவற்றைப் படித்துச் சொல்லும் வரலாற்றாசிரியர்களா? ‘வரலாற்றாசிரியர்களே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், “வரலாற்றாசிரியர் வெறும் தபால்காரர். கடிதம் எழுதியது காலம். கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை” என்றார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். அப்புறம் யோசித்தேன். அந்தக் கடிதத்தில் முகவரி கிடையாது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதி இருப்பது யாருக்கும் தெரியாத எழுத்து. இப்படி ஒரு கடிதத்தைச் சரியான வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரர் உங்கள் தெருவில் இருந்தால் சொல்லுங்கள், அண்ணே, நான் உங்கள் அணிக்கே வந்துவிடுகிறேன்.

14ஆம் நூற்றாண்டு. டெல்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக், டோப்ரா என்ற ஊரில் ஒரு பிரம்மாண்டமான கல்தூணைப் பார்க்கிறார். மனிதர் அதை விடவில்லை. இலவம் பஞ்சைக் குவித்து, அதன்மேல் தூணைச் சாய்த்து, 42 சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி, யமுனையில் படகு கட்டி, டெல்லிக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தூண் முழுக்க எழுத்து. பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. சான்று இருக்கிறது அண்ணே, நட்டுக்குத்தலாக நிற்கிறது! வரலாறு எங்கே?

அது வர 1837 ஆக வேண்டியிருந்தது. கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் எழுத்தைக் கண்டுபிடித்துப் படித்தார். ‘தேவானாம்பிய பியதசி’ என்று ஒரு ராஜா பேசுகிறார். யார் அது? இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனாக இருக்கும் என்று முதலில் நினைத்தார் பிரின்செப். எழுத்தைச் சரியாகப் படித்தும் ஆளைத் தப்பாகப் பிடித்தார். இலங்கையில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைப் புரட்டி, பியதசி என்பது அசோகருடைய பெயர் என்று காட்டிய பிறகுதான் அந்தத் தூண் அசோகருடையது ஆனது. ‘அசோக’ என்ற பெயரையே வெட்டிய கல், மாஸ்கியில் கிடைத்தது 1915இல். அதுவரை 78 வருடம் நாம் அசோகர் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஓர் ஆராய்ச்சியாளர் செய்த அனுமானத்தை நம்பித்தான்.

சரி, அசோகர் தூரம். எங்கள் வீட்டுப் பீரோவுக்கு வாருங்கள். என் அக்கா கல்யாணத்து மொய் நோட்டு அதில் இன்னும் இருக்கிறது. முதல் பக்கம் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்ட நோட்டு. அதில் ஒரு வரி: ‘தாய்மாமன், ரூ. 51.’ ஒன்றுவிட்ட சித்தப்பா 101 வைத்திருக்கிறார். தாய்மாமன் 51! எங்கள் அத்தையிடம் கேட்டால், “அவன் பையனுக்குப் பொண்ணு கேட்டான், கொடுக்கல. அந்த வயித்தெரிச்சல்” என்பார். அம்மாவிடம் கேட்டால், “அந்த வருஷம் அண்ணனுக்கு வெள்ளாமையே இல்லை. அந்த 51 ரூபாயைக் கூடக் கடன் வாங்கித்தான் கொண்டுவந்தாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். நோட்டு ஒன்று, வரி ஒன்று, தொகையும் ஒன்று. அந்த 51க்குள் இருந்தது கோபமா, வறுமையா என்று நோட்டு எங்கே சொல்கிறது?

நம் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை இந்த மொய் நோட்டு வகைதான் நடுவர் அவர்களே. யார், எந்த நிலத்தை, எதற்காகக் கொடுத்தார், யார் சாட்சி. அதற்காகவே வெட்டியவை. நாம்தான் அதில் போய்ப் போரையும் கொலையையும் தேடுகிறோம்.

கொலை என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஆமாம், ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைதான். காட்டுமன்னார்கோயில் பக்கம், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. எதிரணி அதைத்தான் பிரம்மாஸ்திரமாக எடுத்தார்கள்: “கொலைகாரன் பெயரையே கல் சொல்கிறதே, இதில் வரலாற்றாசிரியருக்கு என்ன வேலை?” என்று. நல்ல கேள்வி. கல்லருகே போவோம்.

நான் போயிருக்கிறேன். செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது, நடுநடுவே கிரந்த எழுத்து. பத்து நிமிடம் முட்டி மோதி ‘ஸ்வஸ்திஸ்ரீ’யைத் தாண்டவில்லை. இதை ஈரத்தாள் ஒற்றி, தூரிகையால் தட்டி, மைப்படி எடுத்து, எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் அண்ணன் தபால்காரர் என்கிறார்!

படித்த பிறகு என்ன இருக்கிறது? ‘கோ ராஜகேசரிவர்மருக்கு யாண்டு 2.’ ராஜராஜன் என்ற பெயர் இல்லை, கவனியுங்கள். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டவர்கள். இந்த ராஜகேசரி யார்? கரிகாலனின் அப்பா சுந்தர சோழனும் ராஜகேசரிதான். ஆனால் அவர் ஆட்சியின் 2ஆம் ஆண்டில் மகன் உயிரோடு இருந்தான். ஆகவே இவர் ராஜராஜன் என்று முடிவு செய்தது யார்? கல்லா?

அடுத்து, பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய சொந்தக்காரர்கள் சொத்தையும் விடவில்லை. பெண் கொடுத்த மாமன், தாயோடு பிறந்த மாமன், மகளைக் கட்டியவன் வரைக்கும் பட்டியல் நீள்கிறது. ஏன் கொன்றார்கள்? யார் தூண்டினார்கள்? ஒரு வார்த்தை கிடையாது.

இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். நீலகண்ட சாஸ்திரி இந்தக் கல்லைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டோடு சேர்த்து வைத்துப் படித்தார். சிற்றப்பா உத்தம சோழனுக்கு அரசாட்சியில் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அருள்மொழி, அதாவது ராஜராஜன், ஒதுங்கியதாக அந்தச் செப்பேடு பேசுகிறது. கொலைகாரர்கள் மீது நடவடிக்கை தெரிவதோ ராஜராஜன் வந்த பிறகு. அப்படியென்றால் நடுவில் ஆண்ட உத்தம சோழன் மேல் சந்தேகம் வருகிறது என்றார் சாஸ்திரி. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. ஏற்காதவர்கள் பக்கத்திலும் பலமான செய்தி உண்டு. உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி ராஜராஜன் காலத்திலும் மரியாதையோடு வாழ்ந்தார். உத்தமனின் மகனுக்குக் கோயில் காரியங்களை விசாரிக்கும் பொறுப்பையே ராஜராஜன் கொடுத்தான். அண்ணனைக் கொன்றவன் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது அப்படிக் கொடுப்பார்களா? பின்னால் வந்த சிலர் இன்னொரு கதவைத் திறந்தார்கள்: இந்தக் கல்வெட்டு தண்டனை கொடுத்த நாளின் பதிவு அல்ல, அந்த நிலம் கைமாறி அறத்துக்குப் போன நாளின் பதிவு. தண்டனை முன்பே நடந்திருக்கலாமே என்றார்கள். ‘பஞ்சவன்’ என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு கட்சி. பாண்டியனைக் குறிக்கும் சொல், ஆகவே இது பாண்டியர் பழி என்று ஒரு பக்கம். பாண்டியனை வென்ற சோழர் தம் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம் என்று மறுபக்கம்.

ஆயிரம் வருடமாகக் கல்லில் ஓர் எழுத்து மாறவில்லை. உத்தம சோழன் மட்டும் குற்றவாளி ஆகிறான், நிரபராதி ஆகிறான், மறுபடி கூண்டில் ஏறுகிறான்.

சங்க காலத்துக்குப் பிறகு தமிழகத்தை ஆண்ட களப்பிரரைப் பற்றிச் சுருக்கமாக. அவர்கள் காலத்துக்கு ‘இருண்ட காலம்’ என்று பெயர் வைத்துப் பாடப்புத்தகம் வரை கொண்டுபோனார்கள். அவர்களைப் பற்றி வேள்விக்குடிச் செப்பேடு கோபமாகப் பேசுகிறது. பேசாமல் என்ன செய்யும்? களப்பிரர் ஆட்சியில் பறிபோன பிரமதேயத்தை, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த நிலத்தை, திரும்பப் பெற்ற குடும்பத்துக்குக் கொடுத்த பட்டயம் அது. நிலத்தை இழந்தவன் சாட்சியம் மட்டும் வழக்குக்குப் போதுமா என்று கேட்டவர் மயிலை சீனி. வேங்கடசாமி. ‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’ என்று தனி நூலே எழுதினார். அதே காலத்தில் மதுரையில் சமண முனிவர் வச்சிரநந்தி சங்கம் வைத்தார், தமிழில் நூல்கள் எழுந்தன என்று விளக்கைத் திருப்பிப் பிடித்தார். இருட்டு காலத்தில் இருந்ததா, பார்த்தவர் கண்ணில் இருந்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“அப்படியானால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?” எதிரணித் தங்கை ஆவேசமாகக் கேட்டார். நியாயம்தான். அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கத்தோடு வருகிறார்கள். அவர்களை நான் வரலாற்றாசிரியர் கணக்கில் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். சாஸ்திரி சொன்னதை மறுக்க, “என் கனவில் சோழன் வந்தான்” என்று பண்டாரத்தார் சொல்லவில்லை. சாஸ்திரி எந்தக் கல்லை வைத்துச் சொன்னாரோ அதே கல்லுக்குப் போனார். கல் வேலி போடும், ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. வேலிக்குள் உழுது விதைப்பது யார் என்பதுதானே இன்றைய வழக்கு?

நானும் அந்த மொய் நோட்டில் அப்படி ஒரு வேலை செய்தேன். மாமாவின் ஒரு வரியை விட்டுவிட்டு, அவர் ஊர்க்காரர்கள் எல்லோருடைய வரியையும் எடுத்தேன். அதற்கு முந்தைய வருடம் நடந்த எங்கள் சித்தி கல்யாண நோட்டோடு ஒப்பிட்டேன். அந்த ஊரே அக்கா கல்யாணத்துக்குப் பாதிக்குப் பாதிதான் வைத்திருக்கிறது. வெள்ளாமை இல்லை என்று அம்மா சொன்னது சரி! வெற்றிக் களிப்போடு இரண்டு நோட்டையும் தூக்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “ஊரே குறைச்சு வச்சா தாய்மாமனும் குறைச்சு வைக்கணுமாடா?” என்றார்.

அம்மாவும் அத்தையும் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. மணி அடித்துவிட்டார்கள், அமர்கிறேன். வணக்கம்.