விற்கப் போனால் கையெழுத்து வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம்.

பொய்ப் பங்கு வியாபாரத்தில் மக்கள் பணத்தை இழப்பது சொந்தப் பேராசையாலா, விற்பவரின் சூழ்ச்சியாலா என்பதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் "பேராசை பெருநஷ்டம்" என்ற ஒரே பழமொழியில் வழக்கை முடித்துவிட்டு, 2000-இல் வெளிவந்த 'பாய்லர் ரூம்' என்ற ஹாலிவுட் படத்தைச் சாட்சிக்கு அழைத்தார். அதே சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

படத்தில் வரும், தொலைபேசியில் பங்கு விற்கும் கற்பனை நிறுவனம் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் பையனுக்கு வாரம் 150 டாலர். 40 வாடிக்கையாளர் கணக்குகளைப் பிடித்து, 'சீரிஸ் 7' என்ற பங்குத் தரகர் உரிமத் தேர்விலும் தேறினால்தான் அவன் சொந்தமாக விற்க முடியும். நடுவர் அவர்களே, வாங்குபவனுக்கு ஆசை வருவதற்கு முன்பே விற்பவனுக்குப் பசியை ஏற்றிவிடுகிறார்கள்!

அடுத்து அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வாருங்கள். இந்தத் தொழிலில் முதல் அழைப்பில் எதையும் விற்பதில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது, முடிவெடுப்பது யார் என்று மட்டும் கறந்துகொள்வார்கள். அடுத்த அழைப்பில் அவசரம்: "மாலைக்குள் விலை ஏறிவிடும்." "மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் அதற்கும் எழுதி வைத்த பதில் மேசையில் இருக்கும். "யோசிக்கிறேன்" என்றால் அதற்கு வேறொரு தாள். கடைசியில், "சின்னதாக ஆரம்பியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நீங்களே "சரி" என்பீர்கள். இது பேராசையா? மறுத்துப் பேசக் கூச்சப்படும் நல்ல மனுஷனின் பலவீனம் ஐயா இது!

படத்தில் ஹாரி என்ற குடும்பஸ்தர் அப்படித்தான் தயங்கித் தயங்கி நுழைகிறார். கடைசியில் வீடு வாங்கச் சேர்த்த பணமும் போய், மனைவி பிள்ளைகளும் அவரை விட்டுப் போகிறார்கள்.

"விலை ஏறியதே, அது நிஜம்தானே?" என்று எதிரணி நண்பர் கேட்டார். ஏற்றியது யார்? மலிவாகக் கிடைத்த பங்குகளை நிறுவனத்தின் ஆட்களே முதலில் பினாமி பெயர்களில் குவித்துக்கொள்கிறார்கள். ஒரு டாலருக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு தொலைபேசிகள் ஒரே பங்கை விற்கும்போது அது எட்டு டாலர் ஆகிறது. அந்த எட்டில் பினாமிகள் விற்று வெளியேறுகிறார்கள். அன்றே தொலைபேசிகள் அடங்குகின்றன. வெளிச்சந்தையில் அந்தப் பங்கைக் கேட்பார் இல்லை. அதனால் அது மெல்லச் சரியாது, ஒரேயடியாக விழும். படத்தின் நாயகன், தான் விற்ற பங்கின் கம்பெனி அலுவலகத்தைத் தேடிப் போய்ப் பார்க்கிறான். அங்கே ஒன்றுமே இல்லை, காலி இடம்!

சினிமா தானே என்று தள்ளிவிடாதீர்கள். அதே லாங் ஐலண்டில் ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற நிறுவனம் இதைத்தான் செய்தது. 1996-இல் அமெரிக்கப் பங்குத் தரகர் சங்கம் அதை வெளியேற்றியது. அதன் தலைவர் ஜோர்டன் பெல்ஃபோர்ட் சிறை சென்றார். ஏமாந்தவர்களுக்குச் சுமார் 11 கோடி டாலர் திருப்பித் தரவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் வாங்கியவரின் பேராசை என்றால், நீதிமன்றம் விற்றவரிடம் ஏன் பணம் கேட்கிறது? எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இன்னும் ஒரே ஒரு காட்சி, நடுவர் அவர்களே. கடைசியில் நாயகன் ஹாரிக்குப் பணத்தை மீட்டுத் தர நினைக்கிறான். பங்கை விற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மூத்த தரகர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் விற்பனைச் சீட்டு நகராது. அந்தக் கையெழுத்துக்காக அவன் தன்னைவிட மூத்த சக தரகனிடம் மன்றாடுகிறான். ஹாரி வாங்கும்போது தொலைபேசியில் "சரி" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. வெளியேறும் வாசலில் மட்டும் பூட்டு. அந்தப் பூட்டைப் போட்டது ஹாரியா? தங்கள் தீர்ப்பில் இதற்கு விடை சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.