நாம கேக்குற கேள்வி மரபணு டேட்டாபேஸுக்கு எப்படி புரியுது

வணக்கம் நேயர்களே. ஒரு டாக்டர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து நாம பேசுற மாதிரியே ஒரு கேள்விய டைப் பண்றாங்கன்னு வைங்க. "எம்ஒய்பிபிசி3 ஜீன்ல 25 எழுத்து விட்டுப்போன அந்த மாற்றம் நம்ம ஜனங்கள்ல எத்தன பேருக்கு இருக்கு?" இது இதயத் தசைக்கான ஜீன், எழுத்துன்னா டிஎன்ஏவோட எழுத்து. 2009ல நேச்சர் ஜெனடிக்ஸ்ல வந்த ஒரு பேப்பர், தெற்காசியர்கள்ல சுமார் 100க்கு 4 பேருக்கு இந்த மாற்றம் இருக்கு, இதய செயலிழப்புக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்லுச்சு, அந்த ஆய்வுல மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துக்காரங்களோட உழைப்பும் இருக்கு, அதனால நம்ம ஊர்ல ஒரு டாக்டருக்கு இந்தக் கேள்வி வர்றது ரொம்ப இயல்பு.

ஆனா டேட்டாபேஸ்க்கு "நம்ம ஜனங்க"ன்னா யாருன்னு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் கட்டம் கட்டமா இருக்குற டேபிள்தான். எந்த குரோமோசோம், எத்தனாவது இடம், எந்த எழுத்து எதுவா மாறுச்சு, எந்த மக்கள் கூட்டம், எவ்வளவு விகிதம்னு ஒவ்வொண்ணும் டேபிள்ல தனித்தனி காலம் (column). இப்ப ஏஐ மாடல்கள வச்சு நாம பேசுற கேள்விய அந்தக் காலங்களுக்கு ஏத்த குவரியா, அதாவது டேட்டாபேஸுக்குப் புரியுற தேடல் கட்டளையா மாத்துறாங்க, நல்ல வேலைதான், எனக்கு இதுல ரொம்ப நம்பிக்கை இருக்கு. ஆனா மாத்துற அந்த நேரத்துல மாடல் நமக்காக நாலஞ்சு முடிவ சத்தமில்லாம எடுத்துடுது, நாம பதில மட்டும் பாக்குறோம்.

"நம்ம ஜனங்க"ங்கிறதையே எடுத்துக்கோங்க. நோமாட்னு ஒரு பெரிய டேட்டாபேஸ் இருக்கு, அதோட நாலாவது பதிப்புல 8 லட்சத்துக்கும் மேல ஆளுங்களோட தகவல் இருக்கு, அதுல நமக்குன்னு இருக்குறது "தெற்காசியர்"னு ஒரே ஒரு பெட்டி, பஞ்சாப்காரரும் வங்காளிக்காரரும் நாமளும் எல்லாரும் அதுக்குள்ளதான். சரி, "தமிழர்கள்ல எவ்வளவு"ன்னு குறிப்பா கேட்டா? பல நாட்டு மக்களோட மரபணுத் தகவல சேத்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்துல எஸ்டியூன்னு ஒரு குழு இருக்கு, மாடல் நேரா அங்க போயி நிக்கும். ஆனா அது இங்கிலாந்துல இருக்குற இலங்கைத் தமிழர்கள், 2015ல வந்த வெளியீட்டுல அதுல இருந்தது 102 பேர். சேலத்துல உக்காந்து ஒருத்தர் கேட்ட கேள்விக்கு அந்த 102 பேர வச்சு ஒரு சதவீதம் வந்து நிக்குது, திரையில வெறும் "தமிழர்"னு இருந்தா அத நம்பித்தானே ஆகணும்? ஜீனோம் இந்தியா திட்டத்துல நம்ம நாட்டுலயே சுமார் 10,000 பேரோட ஜீனோம படிச்சிருக்காங்க, அந்தத் தகவல் ஃபரிதாபாத்ல இருக்குற மையத்துல இருக்கு, ஆனா அத விண்ணப்பம் போட்டுத்தான் வாங்கணும், அதனால எல்லாருக்கும் திறந்திருக்குற டேட்டாபேஸ மட்டும் பாக்குற கருவிக்கு அது கண்ணுல படாது.

அடுத்தது "எத்தன பேருக்கு". டேபிள்ல ஆளுங்க எண்ணிக்கையா இருக்காது, அல்லீல் விகிதம்னு இருக்கும். நமக்கு ஒவ்வொரு ஜீனும் ரெண்டு காப்பி, அம்மாகிட்டேருந்து ஒண்ணு அப்பாகிட்டேருந்து ஒண்ணு. 100 பேர்னா 200 காப்பி. அதுல 4 பேருக்கு தலைக்கு ஒரு காப்பியில மட்டும் மாற்றம் இருந்தா 200க்கு 4, அதாவது 2 சதவீதம். டேபிள் 2ங்குது, பேப்பர் 4ங்குது, ரெண்டும் சரிதான். கேள்வி ஆளுங்களப் பத்தி இருந்துச்சுன்னா குவரி அதுக்கேத்த மாதிரி கணக்கு போட்டுத்தான் பதில் சொல்லணும், இல்லன்னா டாக்டர் பாதி எண்ணிக்கைய எடுத்துட்டுப் போயிடுவாங்க.

இடமும் அப்படித்தான். சிக்கிள் செல் நோய்க்கு காரணமான எச்பிபி ஜீன் மாற்றம் 11வது குரோமோசோம்ல இருக்கு. இடத்த எண்ணுறதுக்கு மனித ஜீனோமோட பொது வரைபடம் ஒண்ணு வச்சிருக்காங்க, அதுக்குப் பதிப்புகள் உண்டு. 2009ல வந்த ஜிஆர்சிஎச்37 வரைபடத்துல அதோட இடம் 5248232, 2013ல வந்த ஜிஆர்சிஎச்38ல அதே மாற்றம் 5227002. பழைய எண்ண புது வரைபடத்துல தேடினா 21,000 எழுத்துக்கு மேல தள்ளிப்போயி வேற எதையோ பாத்துட்டு "ஒண்ணும் கிடைக்கல"ன்னு வரும், அத "இந்த மாற்றம் இல்ல"ன்னு ஒருத்தர் படிச்சுட்டா அதவிட ஆபத்து என்ன இருக்கு.

அப்புறம் "ஆபத்தான மாற்றங்கள காட்டு"ன்னு கேக்குறது. எந்த மாற்றம் நோய் உண்டாக்கும்னு லேப்கள் சொல்றத சேத்து வைக்கிற டேட்டாபேஸ் கிளின்வார், அதுல ஆபத்துன்னு ஒரு காலம் கிடையாது, நோய் உண்டாக்கும், அநேகமா உண்டாக்கும், இன்னும் சொல்ல முடியாது, அநேகமா தீங்கில்ல, தீங்கில்லன்னு அஞ்சு படி இருக்கு. முதல் படி மட்டுமா, ரெண்டாவதையும் சேக்கணுமா? லேப்களுக்குள்ள கருத்து மோதல் இருந்தா சேக்கணுமா? இத கேள்வி கேட்டவங்கதான் முடிவு பண்ணணும். தேதியும் முக்கியம், நான் முதல்ல சொன்ன எம்ஒய்பிபிசி3 விஷயத்துலயே பின்னாடி வந்த ஆய்வுகள் அந்த 25 எழுத்து விட்டுப்போனதோட சில பேருக்கு கூடவே வர்ற வேற மாற்றங்கள்தான் ஆபத்துக்கு காரணமா இருக்கலாம்னு சொல்லிருக்கு.

இதுல நல்ல வழி காட்டினது அமெரிக்காவுல என்சிபிஐங்கிற அரசு உயிரித் தகவல் மையத்து ஆளுங்க 2023ல செஞ்ச ஜீன்ஜிபிடிங்கிற கருவி. மாடல் தன் ஞாபகத்துலேருந்து பதில் சொல்லக் கூடாது, என்சிபிஐ டேட்டாபேஸ கூப்பிடுற முகவரிய மட்டும் எழுதணும். உதாரணமா "எல்எம்பி10க்கு அதிகாரப்பூர்வ பேர் என்ன"ன்னு கேட்டா, அது ஜீன் டேட்டாபேஸ்ல எல்எம்பி10ன்னு தேடுற முகவரிய எழுதி ஒரு அம்புக்குறி போட்டதும் நிறுத்திடுவாங்க, நிஜமா தேடி வந்தத அங்கயே ஒட்டுவாங்க, மாடல் அதப் படிச்சு அடுத்த படிக்கு போயி பிஎஸ்எம்பி10ன்னு சொல்லும். அவங்க வச்ச சோதனையில சராசரி மதிப்பெண் 0.83, டேட்டாபேஸ் இல்லாம பதில் சொன்ன சாட்ஜிபிடிக்கு 0.12 தான் கிடைச்சுது.

அந்த முகவரி கண்ணுக்குத் தெரியுதுங்கிறதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது. எந்தக் கருவியா இருந்தாலும் பதிலுக்கு மேலயே, நான் இப்படித்தான் புரிஞ்சுகிட்டேன், இந்த மக்கள் கூட்டம், இந்த வரைபடம், இந்தப் படிகள், இந்தத் தேதி வரைக்கும்னு நாலு வரி சாதாரண மொழியில காட்டணும், தப்பா இருந்தா ஒரே கிளிக்ல மாத்துற மாதிரி இருக்கணும். டாக்டருக்கு டேட்டாபேஸ்ல தேடுற எஸ்க்யூஎல் மொழி தெரியணும்னு அவசியமில்ல, "எஸ்டியூன்னா யாரு?"ன்னு கேக்குறதுக்கு ஒரு இடம் இருந்தாப் போதும்.

கேட்டுகிட்டிருக்குற கல்லூரிப் பசங்க இத இன்னைக்கே செஞ்சு பாக்கலாம், என்சிபிஐ டேட்டாபேஸ்கள புரோகிராம் மூலமா கூப்பிடுற இ-யுடிலிட்டீஸ் இலவசம், சாவி (API key) வாங்காமலே செகண்டுக்கு 3 தடவை கூப்பிடலாம், சாவி வாங்கினா 10. எச்பிபியிலேருந்து ஆரம்பிங்க.