1000 பிரதி அடிச்சா மலிவா? தலவாக்கலை டீச்சரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன கிழமை வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்லை. தலவாக்கலைப் பக்கத்திலேருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. அப்படியே வாசிக்கிறேன்: "என்கிட்ட ஒரு சிறுகதைத் தொகுப்பு இருக்கு. டெமி அளவில 163 பக்கம் வருது. 300 பிரதி அடிச்சா ஒண்ணு 480 ரூபா, 1000 அடிச்சா ஒண்ணு 290 ரூபாதான்னு அச்சகத்தில சொல்றாங்க. 1000 அடிக்கிறதுதானே லாபம்? ஐஎஸ்பிஎன் எங்க எடுக்கிறது?" (டெமின்னா சாதாரணக் கதைப் புத்தக அளவு. ஐஎஸ்பிஎன்னா புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்.)

லாபம் இல்லை டீச்சர். இதை நம்ம பழைய பேச்சுகள்லயும் சொல்லியிருக்கேன், தொடர்ந்து பாக்குறவங்க "திரும்பவும் ஆரம்பிச்சுட்டாரு"ன்னு சிரிப்பாங்க. பரவாயில்லை. ஒரு பிரதியின் விலையைப் பாக்காதீங்க, கையை விட்டுப் போற மொத்தக் காசைப் பாருங்க.

உங்க கணக்கையே எடுப்போம். 300 பிரதிக்கு 144,000 ரூபா. 1000 பிரதிக்கு 290,000 ரூபா. விக்கிறது 250ன்னு வச்சுக்குங்க. 300 அடிச்சிருந்தா, வித்த ஒவ்வொரு பிரதிக்கும் உங்க செலவு 576 ரூபா. 1000 அடிச்சிருந்தா 1160 ரூபா. மிச்சம் 750 பிரதி கட்டிலுக்குக் கீழ கிடக்கும். அந்த 290 ரூபாங்கிற விலை, ஆயிரமும் வித்து முடிஞ்சாத்தான் உண்மையாகும்.

1000 அடிச்சா ஏன் குறையுது? ஆஃப்செட் அச்சில முதல்ல பக்கங்களை உலோகத் தகட்டில பதிச்சு எடுக்கணும், மெஷினைச் செட் பண்ணணும், மை சரியா விழுற வரைக்கும் கொஞ்சம் தாள் வீணாப் போகும். 300க்கும் அதே செலவுதான், 1000க்கும் அதே செலவுதான். அதைத்தான் ஆயிரமாப் பிரிச்சுக் காட்டுறாங்க. தாளும் பைண்டிங்கும் எண்ணிக்கையோட சேர்ந்து ஏறிக்கிட்டேதான் போகும். 100, 200 பிரதிதான் வேணும்னா டிஜிட்டல் அச்சில விலை கேளுங்க, அதுக்குத் தகடே கிடையாது.

அப்ப எத்தனை அடிக்கிறது? ஒரு கொப்பியை எடுத்துப் பேரா எழுதுங்க. பள்ளிக்கூடத்து ஆட்கள், சொந்தக்காரங்க, கொழும்பில இருக்கிற கூட்டாளிகள், படிப்பிச்ச பிள்ளைங்க. "கட்டாயம் வாங்குறேன்"னு சொன்னவங்க எண்ணிக்கையில பாதியைத் தள்ளிருங்க. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்குன்னு கிலோ கழிக்கிறாங்களே, அந்த மாதிரி. கழிச்சு வர்றதோட வெளியீட்டு விழாவில போறதைக் கூட்டினா அதுதான் உங்க முதல் பதிப்பு.

விழான்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம நாட்டில புத்தகத்துக்குப் போட்ட காசு பெரும்பாலும் திரும்பி வர்றது கடையில இல்லை, விழா மேடையில. முதற்பிரதி, சிறப்புப் பிரதின்னு கவரில வச்சுக் கொடுக்கிற காசுதான் அச்சகத்துக் கடனை அடைக்குது. அதனால திகதியை யோசிச்சு வைங்க. தோட்டத்தில 10ஆம் திகதி அளவில சம்பளம். அதுக்கு அடுத்த ஞாயிறு ஒரு கணக்கு, மாசக் கடைசி ஞாயிறு வேற கணக்கு. தீபாவளிக்கு முந்தின கிழமை வேணவே வேணாம். அந்தக் காலத்தில தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைச்ச கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் பாட்டைச் சின்னச் சின்னப் பிரசுரமா அச்சடிச்சுத் தோட்டத்து ஆட்கள்கிட்டயே கொண்டு போனாங்க. வாசிக்கிறவன் இருக்கிற இடம், அவன் கையில காசு இருக்கிற நாள், அவன் வாங்கக்கூடிய விலை, இந்த மூணையும் பாத்துத்தான் எண்ணிக்கையை முடிவு பண்ணணும்.

அடுத்தது அந்த 163 பக்கம். அச்சில ஒரு பெரிய தாளை மடிச்சா 16 பக்கம் வரும். பத்து மடிப்புக்கு 160. உங்க மூணு பக்கத்துக்காக இன்னொரு மடிப்புப் போடணும், கடைசியில வெறுந்தாள் நிக்கும். எழுத்தைச் சின்னதாக்கிச் சமாளிக்காதீங்க. 11 பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி 15 பாயிண்ட், இதுக்குக் கீழ போனா நம்ம பெரியவங்க வாசிக்க மாட்டாங்க. வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரைன்னு மூணு பேர்கிட்ட வாங்கியிருப்பீங்க. ஒண்ணை வச்சுக்கிட்டா மூணு பக்கம் தானா குறைஞ்சிடும். புத்தகத்துக்கும் நல்லது.

80 ஜிஎஸ்எம் தாள் (ஒரு சதுர மீற்றர் 80 கிராம் நிறை) ஒண்ணு கிட்டத்தட்ட 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. 160 பக்கம்னா 80 தாள், அப்ப புத்தகத்தின் முதுகு 8 மில்லிமீற்றர். தாளை முடிவு பண்ணின பிறகுதான் அட்டையை வடிவமைக்கச் சொல்லணும். பிறகு தாளை மாத்தினா முதுகில இருக்கிற பேர் முன்பக்கத்துக்கு வழிஞ்சிடும்.

அட்டை சுருளுறதைப் பத்தி அட்டைப் பேச்சிலயே விளக்கினேன், ஆனாலும் ஹட்டன், கினிகத்தேனப் பக்கத்து ஆட்களுக்காக இன்னொரு தடவை. லேமினேஷன், அதாவது அட்டையில ஒட்டுற பிளாஸ்டிக் படலம், வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கு. மழைக்காலத்தில அட்டையின் உள்பக்கம் ஈரத்தை இழுத்து ஊதும், பிளாஸ்டிக் பக்கம் அசையாது. அதனால அட்டை வெளிப்பக்கமா வளையுது. 300 ஜிஎஸ்எம் அட்டை போட்டா குறையும், முழுசா நிக்காது. பெட்டியைத் தரையில வைக்காதீங்க, சுவரோட ஒட்டியும் வைக்காதீங்க. கீழ பலகை போட்டுப் புத்தகத்தைப் படுக்க வச்சு அடுக்குங்க. முதுகு ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் வரணும். ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை பிடிக்கிறதுக்கு முந்தியும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஐப்பசி மழைக்கு முந்தியும் வித்து முடிக்கிற மாதிரி அடிச்சா இந்தத் தலைவலியே இல்லை. 750 பிரதியை லயத்து வீட்டில எங்க வைக்கப் போறீங்க?

ஐஎஸ்பிஎன் கொழும்பு 7இல இருக்கிற தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையில எடுக்கணும். பதிப்பகம் இல்லாத தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். அச்சுக்குப் போக முந்தியே வாங்கிருங்க, ஏன்னா தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாலயும் பின்அட்டையிலயும் அது அச்சாகணும். 13 இலக்கம், நம்ம நாட்டு எண் 978-955 இல்லாட்டி 978-624ன்னு தொடங்கும். மாத்தம் இல்லாம மறுபடி அடிச்சா பழைய எண்ணே போதும். திருத்தின பதிப்புக்கும் மின்நூலுக்கும் வேற எண் வேணும். இந்த எண் இருந்தாத்தான் பதிப்புரிமைன்னு பலபேர் நினைக்கிறாங்க, அது இல்லை. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதின உடனே உரிமை உங்களுது. உங்க காலத்துக்குப் பிறகும் 70 வருஷம் இருக்கும். பதிவு தேவையில்லை.

இப்ப நீங்க கேக்காத கேள்விக்கு வர்றேன். கேட்டிருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பேன்: "அடிங்கன்னு சொல்றதுக்கு முந்தி எதைப் பாக்கணும்?"

நீங்க ஃபோனில யுனிகோடில, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையில, அடிச்சு அனுப்புறீங்க. நம்ம பக்கத்து அச்சகங்கள்ல இன்னும் நிறையப் பேர் பாமினிங்கிற பழைய எழுத்துருவிலதான் பக்கம் அமைக்கிறாங்க. அதில ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலதான் தமிழ் எழுத்து இருக்கும். அப்ப உங்க கோப்பை மாத்துவாங்க. மாத்தும்போது மேற்கோள் குறிகள் வேற எழுத்தாப் போகும், 'ஸ்ரீ' உடையும், நடுவில இருக்கிற ஆங்கிலச் சொல் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தா மாறும். அதனால நீங்க வீட்டில எத்தனை தடவை திருத்தியிருந்தாலும், மாத்தின பிறகு வர்ற பக்கத்தை முதல் வரியிலேருந்து வாசிக்கணும். பழைய திருத்தம் இதுக்குச் செல்லாது.

கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அங்கேயே பாமினியில டைப் பண்ணச் சொன்னா வேற ஆபத்து. 'ர்' வர வேண்டிய இடத்தில துணைக்காலைப் (ா) போட்டு மேல புள்ளி வச்சிருப்பாங்க. அச்சில கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு மின்நூலுக்காக யுனிகோடுக்கு மாத்தும்போது அந்தச் சொல்லெல்லாம் உடைஞ்சு நிக்கும். 'ஔ' என்ற ஒரு எழுத்துக்குப் பதிலா 'ஒ' போட்டு 'ள' போடுறதும் அப்படித்தான். கோப்பில 'ஒள', 'கெள', 'மெள'ன்னு தேடிப் பாருங்க. 'மௌனம்', 'கௌரவம்' எல்லாம் இந்த வலையில மாட்டும். ஆனா எல்லாத்தையும் ஒரே அடியா மாத்திடாதீங்க, 'ஒளி'யும் 'ஒளிவு'ம் சரியாத்தான் இருக்கும். ஒவ்வொண்ணாப் பாத்து மாத்துங்க.

இன்டிசைன்ங்கிற பக்கம் அமைக்கிற மென்பொருள்ல யுனிகோடா வச்சே அமைக்கிற அச்சகம்னா இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போட்டிருக்காங்களான்னு கேளுங்க. போடலைன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். 'கோ', 'பொ', 'மே' இருக்கிற ஒரு வரியைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

எல்லாம் சரியானதும் பீடிஎஃப்பை மட்டும் பாத்துட்டுச் சரின்னு சொல்லிடாதீங்க. ஒரே ஒரு பிரதியை முழுசா பைண்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. நடுப்பக்கத்தை விரிச்சா முதுகுப் பக்கத்து எழுத்து பசைக்குள்ள போகுதான்னு பாருங்க. உள் ஓரம் 20 மில்லிமீற்றர் இருந்தா தப்பிக்கலாம். பக்க எண் வரிசையையும் கதைத் தலைப்பு உள்ளடக்கத்தோட ஒத்துப் போகுதான்னும் அதிலயே பாத்துக்குங்க.

அச்சகத்தோட விலை பேசும்போதே இன்னொண்ணையும் பேசி முடிச்சிடுங்க: பக்கம் அமைச்ச மூலக் கோப்பு உங்க கைக்கு வரணும். பீடிஎஃப் மட்டும் போதாது. 300 வித்து முடிஞ்சு இன்னும் 200 வேணும்னு கேக்கும்போது, கோப்பு இருந்தா வேற அச்சகத்திலயும் விலை கேக்கலாம். இல்லைன்னா திரும்ப டைப் பண்ணக் காசு கொடுக்கணும். 300இல தொடங்குங்கன்னு நான் தைரியமாச் சொல்றதே இந்தக் கோப்பை நம்பித்தான்.

கடைக்குக் கொடுக்கிறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. விலை 700 போட்டு, கடைக்காரர் நூத்துக்கு 35 எடுத்தா உங்களுக்கு வர்றது 455. அச்சுச் செலவே 480. அப்ப கடையை நம்பினா விலையை 800க்கு மேல வைக்கணும், இல்லைன்னா கையாலயே விக்கணும். கொடுத்தா பத்துப் பிரதிக்கு மேல கொடுக்காதீங்க. கார்பன் வச்ச பில் புத்தகத்தில எண்ணிக்கை, திகதி, கழிவு வீதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. மூணு மாசத்துக்கு ஒருக்காப் போய் எண்ணிப் பாத்து வித்ததுக்குக் காசை வாங்கிக்கிட்டு, விக்காததை மழை தொடங்க முந்தியே திருப்பி எடுத்துக்குங்க.