தீபாவளி வாரத்திலும் தாங்குமா?

சிங்கப்பூர் நேயர்களுக்கு வணக்கம்.

மாதவிடாயைத் தள்ளிப்போட வைக்கிற பிசிஓஎஸ் என்ற சினைப்பை, ஹார்மோன் கோளாறைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை, உணவியல் ஆலோசகர். ஸ்கேன் எடுத்து, மருத்துவரைப் பார்த்து, "சாப்பாட்டை மாத்தச் சொல்லிட்டாங்க, எதை மாத்துறதுன்னு தெரியலை" என்று குழம்பிப்போய் வருகிறவர்கள்தான் என் எதிரில் உட்காருவார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவியும் வருவார், இரண்டு பிள்ளைகளின் தாயும் வருவார். இளம் பெண் என்றால் பெரும்பாலும் பக்கத்தில் அம்மா இருப்பார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா ஆரம்பித்துவிடுவார்: "இவ வாயைக் கட்டவே மாட்டாங்க."

அம்மா பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் வாயைக் கட்டாததால் வருகிற கோளாறு இல்லை இது. குடும்ப வழியில் இறங்கி வருவதற்கு வலுவான வாய்ப்பு உண்டு. உங்களுக்கு மாதவிடாய் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டால், "எனக்கும் அந்தக் காலத்துல ரெண்டு மாசம், மூணு மாசம் தள்ளித்தான் வரும். அதுக்கெல்லாம் யாரு டாக்டர்கிட்ட போனா?" என்பார். அப்போது மகள் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்ப்பாள் பாருங்கள், அதற்காகவே நான் அந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்கிறேன்.

1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது. இன்று உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது உண்டு என்கிறது. அவர்களில் 70 விழுக்காடு வரை தங்களுக்கு இருப்பது தெரியாமலே இருக்கிறார்களாம். நம் அத்தை, சின்னம்மா எல்லாரும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையை உயிரணுக்களுக்குள் அனுப்ப இன்சுலின் வேண்டும். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சொல்வது உயிரணுக்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. காது மந்தமான தாத்தாவிடம் நாம் குரலை உயர்த்துகிற மாதிரி, கணையமும் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகிறது. கூடிப்போன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோன் போன்ற, ஆண்களிடம் அதிகமுள்ள ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதனால்தான் முகப்பரு, தாடையில் முடி, தலையில் முடி கொட்டுவது எல்லாம். சினைமுட்டையும் முழுதாக முதிராமல் பாதியில் நின்றுவிடுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஸ்கேனில் மணி மணியாகத் தெரிகிறதே, நீர்க்கட்டி என்று பயந்துபோகிறோமே, அது பாதியில் நின்ற அந்த முட்டைகள் இருக்கிற சின்னச் சின்னப் பைகள்தான். அறுத்து எடுக்க வேண்டிய கட்டி இல்லை.

கழுத்தின் பின்பக்கம் கறுத்துப் போவதும் பெரும்பாலும் இன்சுலின் செய்கிற வேலை. அதை அழுக்கு என்று நினைத்து, நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

இன்னொன்று. நம் இந்தியர்களுக்கு எடை அதிகம் கூடாமலே இன்சுலின் மந்தம் வந்துவிடலாம். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தொட்டாலே கவனமாக இருக்கச் சொல்வது இதனால்தான். ஒல்லியான பெண்ணுக்கும் பிசிஓஎஸ் வரும். "நீ ஒல்லியாத்தானே இருக்க, உனக்கெப்படி?" என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் செய்து பார்த்துக் களைத்துப்போனவர்கள். சோற்றை அடியோடு நிறுத்தியிருப்பார்கள். மாவுச்சத்தை ஏறக்குறைய விட்டுவிடுகிற கீட்டோ உணவுமுறையில் இருந்திருப்பார்கள். இணையத்தில் வாங்கிய ஏதோ தேயிலையைக் குடித்திருப்பார்கள். இரண்டு வாரம் நன்றாகப் போகும். மூன்றாவது வாரம் யார் வீட்டிலோ பிறந்தநாள், ஒரு துண்டு கேக். அன்று ராத்திரி, "எனக்கெல்லாம் எங்கே முடியும்" என்று மொத்தத்தையும் விட்டுவிடுவார்கள். 2023இல் வெளிவந்த அனைத்துலக வழிகாட்டி நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது: பிசிஓஎஸ்ஸுக்கு இந்த உணவுமுறைதான் மற்றதைவிட மேல் என்று சொல்லச் சான்று இல்லை. ஆக, உங்களால் தொடர முடிகிற முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அளவுக்கு மீறிப் பட்டினி கிடப்பதும், பிறகு அடக்க முடியாமல் சாப்பிடுவதும் பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. ஏற்கெனவே அந்தச் சுழலில் இருப்பவரிடம் போய் இன்னும் கொஞ்சம் வாயைக் கட்டு என்றால் என்ன ஆகும்?

அதனால் எந்த மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வேன். தீபாவளி வாரத்திலும் இது தாங்குமா? பிள்ளைக்குப் பிஎஸ்எல்இ தேர்வு நடக்கிற வாரம், இரவு ஷிப்ட் வருகிற வாரம், மாமியாருக்கு உடம்பு முடியாமல் மருத்துவமனைக்கு அலைகிற வாரம், அப்போதும் இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால் மாற்றத்தைச் சிறிதாக்குங்கள். முடியும் என்று சொல்கிற அளவுக்குச் சிறிதாக்குங்கள்.

உதாரணத்துக்குத் தேநீரை எடுத்துக்கொள்வோம். கோப்பிக்கடையில் சும்மா 'தே' என்று கேட்டால் இனிப்பான கெட்டிப்பால் ஊற்றித்தான் வரும். ஒரு நாளைக்கு மூன்று என்றால் நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் 'தே சியூ தாய்' என்று கேளுங்கள், இனிப்பு குறையும். நாக்கு பழகியதும் 'தே சி கோசோங்'. பால் இருக்கும், சீனி இருக்காது. தீபாவளி வந்தாலும் கோப்பிக்கடைக்காரர் இதே தேநீரைத்தான் கலக்கப் போகிறார், ஆகவே இது தாங்கும். கடைகளில் பானங்களுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து ஏ, பி, சி, டி என்று நியூட்ரி-கிரேட் தரம் போடுகிறார்களே, 2023 டிசம்பர் கடைசியிலிருந்து உடனே கலந்து தருகிற பானங்களுக்கும் அது வந்துவிட்டது. டி என்றால் பெரும்பாலும் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. அரை லிட்டர் பபிள் டீ சர்க்கரையால் டி தரத்தில் இருந்தால் 10 தேக்கரண்டிக்கு மேல் சீனி அதில் இருக்கிறது.

அடுத்து தட்டு. சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டுகிற தட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான்: பாதிக்குக் காய்கறியும் பழமும், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு மாதிரிப் புரதம், மீதிக் கால் பங்கு முழுத்தானியம், நம் வீட்டில் சோறு. நம் வீட்டுத் தட்டில் இது தலைகீழாக இருக்கும். நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், அதுவும் உருளைக்கிழங்காக இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் காய்கறிக் கணக்கில் வராது, மன்னிக்கவும். சோற்றை ஒதுக்க வேண்டாம். கரண்டியை எடுக்கிற வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று எது இருக்கிறதோ அதைப் போடுங்கள், பிறகு மீன் அல்லது கொண்டைக்கடலை, கடைசியில் சோறு. சாப்பிடும்போதும் அதே வரிசை. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. தேக்காவில் வாழை இலை விருந்தில் உட்கார்ந்தாலும் இதைச் செய்யலாம். பரிமாறுகிறவருக்குக்கூடத் தெரியாது.

உடற்பயிற்சி என்றதும் முகம் சுருங்குகிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது நெறிமுறையில் உள்ள அளவு. மொத்தமாகக் கேட்டால் மலைப்பாக இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் 10 நிமிடம் புளோக்கைச் சுற்றி நடங்கள், அது போதும் தொடங்குவதற்கு. தசை அசையும்போது இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அதனால் சாப்பிட்ட பிறகு நடக்கிற நடைக்குத் தனி மதிப்பு உண்டு. எடைப் பயிற்சிக்கு உடற்பயிற்சிக்கூடம் போகக் கூச்சமாக இருந்தால், பேரங்காடியில் வாங்கிய 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். சிரிக்காதீர்கள், தொடை சொல்லும்.

எடைக் கருவியை மட்டும் நீதிபதியாக்காதீர்கள். கூடுதல் எடை உள்ளவருக்கு 5 விழுக்காடு குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்பு உண்டு. 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரைக் கிலோதான். எடை இறங்காவிட்டாலும் நடையும் தூக்கமும் உள்ளுக்குள் வேலை செய்கின்றன. மதியத் தூக்கச் சோர்வு குறைந்திருக்கிறதா, படியேறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் தன்மீது காட்டும் கனிவுக்கு மூன்று கூறுகள் சொன்னார். தன்னைத் திட்டாமல் அன்பாக நடத்துவது, இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததில்லை என்று உணர்வது, வலியை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. இதைச் சொன்னால் அம்மாக்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போக மாட்டாளா என்று. நான் கண்டவரை, காலையில் இரண்டு புரோட்டா சாப்பிட்டதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்கிற பெண்தான் அந்த வாரம் முழுவதையும் கைவிடுகிறார். சாப்பிட்டேன், நன்றாக இருந்தது, மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர் மதியமே பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்.

நீங்களே உங்களைத் திட்டாவிட்டாலும் ஊர் விடாது. கல்யாண வரவேற்பில் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றால், "என்னடி, ஒரு சுத்து பெருத்துட்ட?" என்பார் ஒருவர். "விசேஷம் ஏதும் உண்டா?" என்பார் இன்னொருவர். எல்லாருக்கும் மருத்துவ வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. என்னிடம் வந்த ஒரு பெண் கண்டுபிடித்த பதில் எனக்குப் பிடிக்கும்: "டாக்டரைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை, நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?" அதன் பிறகு பேச்சு முழுவதும் முட்டியைப் பற்றித்தானாம். வீட்டிலுள்ள கணவர்மாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் வைக்காதீர்கள். அந்தத் தட்டு உங்களுக்கும் நல்லதுதான்.

மனச்சோர்வும் பதற்றமும் பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் கூடுதலாக இருப்பதால், அதையும் கேட்டறியும்படி மருத்துவர்களுக்கு நெறிமுறையே சொல்கிறது. தாடை முடியைக் குளியலறை விளக்கடியில் நின்று பிடுங்கிவிட்டு, அழுதுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தால் முடி குறைய ஆறு மாதமாவது பிடிக்கும், அதுவரை திரெடிங், லேசர் எது வசதியோ செய்துகொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனம் ரொம்பவும் கனத்துப்போனால் 1771 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மாத்திரை விஷயத்தில் ஒரு பெரிய தயக்கம் இருக்கிறது. கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று சில வீடுகளில் டப்பாவையே ஒளித்து வைத்துவிடுகிறார்கள். மாதவிடாய் 90 நாளுக்கு மேல் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், வருடக்கணக்கில் விட்டால் அது புற்றுநோய்க்கும் வழிவிடலாம். அதைத் தடுக்கவும், கூடிப்போன ஹார்மோனைக் குறைக்கவும்தான் அந்த மாத்திரை. பின்னால் பிள்ளை பெறும் தன்மையை அது கெடுப்பதில்லை. யாருக்குச் சரிப்படும், யாருக்குச் சரிப்படாது என்பதை மருத்துவர் ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி எல்லாம் கேட்டு முடிவு செய்வார். பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு முட்டை வெளிவர லெட்ரோசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பலர் தாமாகவும் கருத்தரிக்கிறார்கள்.

ஆகவே மாதவிடாய் 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறது, அல்லது வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வருகிறது என்றால், குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ பாருங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களில் சலுகைக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் உதவும். போகும்போது கடைசி ஆறு மாதம் மாதவிடாய் வந்த தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள். சமையலறையில் தொங்குகிற நாள்காட்டியில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாலும் போதும், கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியில் யாருக்கு நீரிழிவு என்பதைக் கேட்டு வையுங்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிடுகிற இனோசிட்டால் போன்ற துணைச்சத்து, மூலிகை மாத்திரை எதுவாக இருந்தாலும் புட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அம்மா கூட வந்தால் வரட்டும், பேசுவது மட்டும் நீங்களாக இருங்கள்.

நன்றி, வணக்கம்.