விஞ்ஞானம் ஒன்றே போதுமா? 'போதாது' அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வாசிகசாலை ஆண்டு விழாவுக்காகக் கோயில் வீதியில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஊர் மக்களே, வணக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் 22 வருடங்களாக உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறவள். இந்தத் தலைப்பில் என்னைப் 'போதாது' அணியில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், "டீச்சர், கட்சி மாறிவிட்டீர்களா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். மாறவில்லை. அரிவாள்மணையில் நாளும் காய் நறுக்குகிறவளுக்குத்தான் அது எதை அரியும், எதை அரியாது என்று தெரியும்.

எதிரணித் தலைவர் பஞ்சாங்கத்தில் தொடங்கினார். "புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கத்தில் இன்னொன்று. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் சூரியன் இரண்டா?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். சூரியன் எங்கே நிற்கிறது என்பதில் வானியல் சொல்வதுதான் கணக்கு. அதில் எங்கள் அணிக்கு வழக்கே இல்லை. நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்றார்கள் முன்னோர். கருவியை இறக்கிப் பார்த்தார்கள், அடி இருக்கிறது. அதிலும் வழக்கில்லை. வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் நடந்து நீரோட்டம் சொல்கிறவருக்கு நான் ஒரு சதமும் கொடுக்க மாட்டேன். எங்களை மூடநம்பிக்கையின் வக்கீல்களாக நிறுத்திவைத்து அடித்துவிடலாம் என்று எதிரணி கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கூண்டில் ஆள் இல்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆனால் அவருடைய பேச்சின் நடுவே ஒரு வாக்கியம் வந்தது. நான் அதைத் துண்டுக் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறேன். "விஞ்ஞானம் நிறுவாத எதுவும் அறிவு ஆகாது." நடுவர் ஐயா, இந்த வாக்கியத்தை நிறுவியது எந்த ஆய்வுகூடம்? எந்தத் தராசில் வைத்தார்கள், எத்தனை முறை திரும்பச் செய்து பார்த்தார்கள்? ஒருவரும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. இது விஞ்ஞானத்தின் முடிவு அன்று. விஞ்ஞானத்தைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் கருத்து. அவர் போட்ட சட்டத்தின்படியே அவர் சொன்னது அறிவு ஆகாது. தான் ஏறி இருக்கும் கிளையைத் தானே வெட்டுகிறவரை நாங்கள் வேறு தள்ளிவிட வேண்டுமா?

இது புதிய வாதமும் அன்று. 1936இல் இங்கிலாந்தில் ஏ. ஜே. அயர் என்ற 25 வயது மெய்யியலாளர் இதே கருத்தை நூலாக எழுதினார். சொற்களின் பொருளாலேயே மெய்யாகிற கூற்று, அனுபவத்தால் சோதிக்கக்கூடிய கூற்று, இந்த இரண்டையும் தவிர மற்றவற்றுக்குப் பொருளே இல்லை என்றார். கடவுள், அழகு, அறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசலுக்கு வெளியே விட்டார். 40 வருடங்களுக்குப் பிறகு ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், அந்த இயக்கத்தின் பெரிய குறை என்னவென்று அவரிடமே கேட்டார்கள். ஏறத்தாழ எல்லாமே பொய் என்பதுதான் குறை என்றார் அந்தப் பெரியவர். எதிரணித் தலைவருக்கு இன்னும் 40 வருடம் பொறுத்திருக்க என்னால் முடியாது. இன்றைக்கே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

சரி, நம்முடைய பக்கம் வருகிறேன். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். அவர்களுள் ஒருவன், ஐம்பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்கிற பூதவாதி. கண்ணால் கண்டதே அளவை, அதாவது அறியும் வழி, மற்றதெல்லாம் அழிந்துபோகும் என்கிறான். மணிமேகலை அவனோடு நீளமாக வாதாடவில்லை. "தந்தை தாயரை அனுமானத்தால் அலது இந்த ஞாலத்து எவ்வகை அறிவாய்" என்று கேட்கிறாள். உன் பிறப்பை நீ கண்ணால் கண்டாயா தம்பி? இன்னார் உன் தாய், இன்னார் உன் தந்தை என்று எப்படி அறிந்தாய்?

எதிரணியில் இருக்கும் வைத்தியர் சிரிக்கிறார். என்ன சொல்லப்போகிறார் என்று தெரியும்: மரபணுச் சோதனை! நல்லது. இங்கே கூடியிருப்பவர்களில் அந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு அம்மாவை 'அம்மா' என்று கூப்பிடத் தொடங்கியவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒரு கையும் இல்லை. ஆக இத்தனை பேரும் இத்தனை வருடமாகத் தங்கள் தாயை அறியாமல் இருந்தார்களா? பிறருடைய சொல்லைக் கொண்டு அறிந்தோம். அவரவர் மடியில் வளர்ந்து அறிந்தோம்.

கண்ணால் காண்டல், ஊகித்து அறியும் கருதல், சொல்லக் கேட்டு அறியும் உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்தம் சொல்லும். விஞ்ஞானம் முதல் இரண்டையும் தீட்டித் தீட்டி வைரமாக்கியிருக்கிறது, மறுக்கவில்லை. தகராறு மூன்றாவதில். உரை என்று நம் நூலோர் சொன்னது பெரும்பாலும் இறைநூலை. நான் அதைப் பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சி வரைக்கும் நீட்டுகிறேன். அதற்காக நடுவர் புள்ளி குறைப்பதானால் குறைக்கட்டும். ஒளியின் வேகம் செக்கனுக்கு 29,97,92,458 மீற்றர் என்று நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். நான் அதை அளந்தவள் அல்லள். அளந்தவர்கள் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். விஞ்ஞானம் என்ற மாளிகையிலே முக்கால்வாசித் தூண்கள் உரைதான் ஐயா.

சொல்வது தவறிவிடுமே என்பார்கள். தவறும். விஞ்ஞானத்திலும் தவறுகிறது. அச்சேறிய 100 உளவியல் ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடித் திரும்பச் செய்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் முடிவு மறுபடியும் கிடைத்தது 40க்கும் குறைவானவற்றில்தான். இதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர்களும் விஞ்ஞானிகளே, அது அவர்களுக்குப் பெருமை. ஆனால் தங்கள் துறைக்கே தலைகுனிவாகும் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எந்தச் சோதனைக் குழாயில் ஊறியது? நேர்மை இல்லாமல் விஞ்ஞானம் ஒரு நாளும் நடக்காது. அந்த நேர்மையையோ விஞ்ஞானத்தால் நிறுவித் தர முடியாது.

இப்போது நம் கிணற்றடிக்கு வாருங்கள். இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழை பெய்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அளவு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். இதைச் சொல்லித் தந்தது விஞ்ஞானம், நன்றி. ஆனால் சுன்னாகத்து மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை யோசித்துப் பாருங்கள். என் பெரியம்மாவின் வீடு அந்தப் பக்கம். ஒரு விடியற்காலை வாளியைத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் வைத்தார். தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் சுற்றியது. குனிந்து முகர்ந்தார். "இதிலே தேத்தண்ணீர் வைக்கக் கூடாது" என்று சொல்லி வாழையடியில் ஊற்றினார். பிறகு, "வாழைக்கும் கூடாதோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு நின்றார். ஊரில் முதலில் அறிந்தவர்கள் இப்படிப்பட்டவர்கள். ஆய்வுகள் பின்னால் வந்தன. ஒன்று எண்ணெய் இருக்கிறது என்றது. இன்னொன்று அஞ்ச வேண்டியதில்லை என்றது. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. எண்ணெய் எத்தனை மில்லிகிராம் என்று கருவி சொல்லும். 'கொடுக்க வேண்டும்' என்ற சொல் எந்தக் கருவியின் திரையில் தெரியும்?

உரமும் மலக்குழியும் சேர்ந்து நம் கிணறுகளில் ஏற்றிவிட்ட நைத்திரேற்றுக்கும் இதே கதைதான். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டிவிட்டதா என்று எதிரணி அளந்து சொல்லட்டும். வெங்காயத் தறையை நம்பிக் கடன் எடுத்தவனிடம் போய் உரத்தைக் குறை என்று சொல்லும்போது அவன் நட்டத்தில் யார் பங்கெடுப்பது என்று ஊர்தான் கூடிப் பேச வேண்டும்.

ஐயா, முதல் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. விழா மேடையில் இதைச் சொல்லலாமா என்று நேற்று இரவு முழுவதும் யோசித்தேன். சொல்கிறேன்.

யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்தில் இருக்கும் செம்மணி. 1998இல், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் நின்று, அங்கே நூற்றுக்கணக்கானவர்களைப் புதைத்தார்கள் என்றான். அது வெறும் உரை. அந்த உரைக்குப் பின்னர்தான் 1999இல் மண்வெட்டி இறங்கியது. 15 பேரின் எச்சங்கள் வெளியே வந்தன. அதற்குப் பிறகு 25 வருடம் அந்த மண்ணை ஒருவரும் அகழவில்லை. பிள்ளைகளைத் தேடிய தாய்மார் மட்டும் அங்கே இருக்கிறது, அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நிறுவப்படாததால் அது அறிவு ஆகாது என்று அவர்களுக்கு யார் சொல்வது? எதிரணித் தலைவர் சொல்வாரா? 2025இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் தெரிந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ அகழ, 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள்.

அங்கே எனக்கு விஞ்ஞானம் வேண்டும். தொல்லியலாளரும் சட்ட வைத்தியரும் தூரிகை பிடித்து ஒவ்வொரு விரலெலும்பாக எடுக்க வேண்டும். அதைக் குறைத்துப் பேசுகிறவர் என் அணியில் இருக்க முடியாது. வயதைச் சொல்லுங்கள், காலத்தைச் சொல்லுங்கள், காயத்தைச் சொல்லுங்கள். மரபணுவும் பாருங்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மரபணு வேண்டுமே. அதற்கு ஒரு தாய் முன்னால் வந்து, என் பிள்ளை வீடு திரும்பவில்லை என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் உலகத்தின் மிகச் சிறந்த ஆய்வுகூடத்திலும் அந்த எலும்புக்கு ஓர் இலக்கம் கிடைக்கும், பெயர் கிடைக்காது.

அந்தக் குழியில் நீல நிறப் பாடசாலைப் பை ஒன்று இருந்தது. துணிகள் இருந்தன, ஒரு விளையாட்டுப் பொம்மை இருந்தது. 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி, நீதவான் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அந்தப் பொருட்களை வரிசையாக வைத்து, வந்து பாருங்கள் என்று மக்களை அழைத்தார்கள். அகழ்ந்தவர்கள் படித்தவர்கள், அவர்களிடம் அளவுநாடா இருந்தது, நிழற்படக் கருவி இருந்தது, எதிரணி கேட்கும் எல்லாம் இருந்தன. இருந்தும் பொருட்களைப் பரப்பிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

எனக்குப் பின்னால் பேச வருகிற வைத்தியர் இதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். அன்று அவர்கள் எந்தக் கருவிக்காகக் காத்திருந்தார்கள்?