போன் நோண்டுறதுக்கும் காத்தாடிக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த கேள்வி. ஜெர்மனியில ஹனோவர் பக்கத்துலேருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஸ்கூல்ல எராஸ்மஸ்னு, ஐரோப்பிய ஒன்றியத்தோட மாணவர் பரிமாற்றத் திட்டத்துல ஒரு வாரம் டென்மார்க் கூட்டிட்டுப் போறாங்க. அங்க ஒரு குடும்பத்தோட தங்கணுமாம். சாம்சோன்னு ஒரு தீவுக்கும் போறாங்களாம், காத்தாடி, அதான் காற்றாலை வெச்சு கரண்ட் எடுக்குற ஊராம். தலைப்பு, இளைஞர்களின் ஊடகப் பழக்கமும் நிலையான எரிசக்தியும். என் வீட்டுக்காரர், 'போன் நோண்டுறதுக்கும் காத்தாடிக்கும் என்ன சம்பந்தம்? இது படிப்பா, டூரா?'ன்னு கேக்குறார். அனுப்பலாமா?"

அனுப்புங்க. சார் கேட்டதும் நியாயமான கேள்விதான். போன வருஷம் என் பையன் கிளாஸ்லயும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு. ஸ்கூல்லேருந்து வந்த கடிதாசிய பாத்ததும், காசு வாங்குறதுக்காக ரெண்டு பெரிய வார்த்தைய ஒட்ட வெச்சிருக்காங்கன்னுதான் நான் நெனச்சேன். அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. இந்தத் திட்டத்துக்கு, இப்ப எராஸ்மஸ் பிளஸ்னு பேரு, 2021லேருந்து 2027 வரைக்கும் சுமார் 2,600 கோடி யூரோ ஒதுக்கியிருக்காங்க. டிஜிட்டல், சுற்றுச்சூழல் ரெண்டும் அதோட முன்னுரிமைகள். அப்ப விண்ணப்பம் எழுதுற டீச்சர் ரெண்டையும் சேத்துப் போடத்தானே செய்வாங்க?

ஆனா பசங்க செஞ்ச வேலைய பாத்தப்ப என் வாய் அடைச்சுப் போச்சு. முதல் வேலை, ஒரு வாரம் நோட்டுல கணக்கு எழுதணும்: எந்தத் திரையில, எவ்வளவு நேரம், என்ன பாத்தோம்னு. இங்க ஜெர்மனியில ஜிம் (JIM) ஆய்வுன்னு ஒண்ணு 1998லேருந்து வருஷா வருஷம் எடுக்குறாங்க, 12லேருந்து 19 வயசு பசங்ககிட்ட, அவங்க ஊடகப் பழக்கத்தப் பத்தி. 2023ல ஒரு நாளைக்கு சராசரியா 224 நிமிஷம் இணையத்துல இருக்கோம்னு அவங்களே சொல்லியிருந்தாங்க. என் பையன் அவனோட கணக்க மட்டும் எழுதல, எனக்கும் ஒரு பத்தி போட்டு எழுதிட்டான். நான் அவன விட நாப்பது நிமிஷம் ஜாஸ்தி. வாட்ஸ்அப் ஆபீஸ் வேலைன்னு சொல்லிப் பாத்தேன், ஒத்துக்கல.

ரெண்டாவது வேலை, வீட்டுல ஒரு மீட்டர் வெச்சு அளக்குறது. பிளக்குக்கும் சுவருக்கும் நடுவுல சொருகுற சின்ன மீட்டர். இங்க பல ஊர் நூலகத்துல புத்தகம் மாதிரியே இரவல் தருவாங்க. போன் சார்ஜ் ஆகுறத அளந்தா அது ஒண்ணுமே இல்ல. தெனமும் முழுசா ஏத்தினாலும் ஒரு வருஷத்துக்கு ஏழெட்டு யூனிட். ஒரு யூனிட் 40 சென்ட்டுன்னு வெச்சுக்கிட்டாலும் மூணு யூரோ. நாம பாட்டுக்கு "சார்ஜர கழட்டு, கரண்ட் போகுது"ன்னு கத்திக்கிட்டு இருக்கோம்!

மூணாவதுதான் முக்கியம். சார் கேட்ட சம்பந்தம் இங்கதான் வருது. 2019ல, பிரான்ஸ்ல இருக்கிற ஷிஃப்ட் ப்ராஜெக்ட்ங்கிற அமைப்பு சொன்னதா ஒரு கணக்கு உலகம் பூரா பரவுச்சு. அரை மணி நேரம் ஆன்லைன்ல வீடியோ பாத்தா 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடாம், கார்ல ஆறு கிலோமீட்டர் போனதுக்குச் சமமாம். பெரிய பெரிய பத்திரிகையெல்லாம் போட்டுச்சு. டீச்சர் இந்தச் செய்திய பசங்ககிட்ட குடுத்துட்டு, "இது சரியான்னு பாத்துட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

பசங்க தேடிக் கண்டுபிடிச்சது என்னன்னா, 2020ல சர்வதேச எரிசக்தி முகமை இந்தக் கணக்க மறுபடி போட்டுப் பாத்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 36 கிராம்தான் வந்துச்சு. பரவுன கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு 3.2 கிலோ. அதுல கிட்டத்தட்ட தொண்ணூத்துல ஒரு பங்கு. தப்பு எங்கன்னு கேட்டா, அதுல ஒரு தப்பு, டேட்டாவ அளக்குற பிட்டையும் பைட்டையும் மாத்திப் போட்டது. எட்டு பிட் சேந்தா ஒரு பைட். அங்கேயே எட்டு மடங்கு ஏறிடுச்சு. அந்த அமைப்பும் பிறகு திருத்தம் வெளியிட்டாங்க. ஆனா பழைய எண்ணு இன்னும் அங்கங்க சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. திருத்தத்த யாரு ஷேர் பண்றா?

போன்ல வர்ற ஒரு எண்ண நம்பலாமா வேண்டாமான்னு பாக்குறது ஊடகப் பாடம். அதுக்கு யூனிட்டுன்னா என்ன, கரண்ட் எங்க செலவாகுதுன்னு தெரியணும், அது எரிசக்திப் பாடம். ஒண்ணு இல்லாம இன்னொண்ண செய்ய முடியாது. இதுதான் சார் சம்பந்தம்.

அதே முகமையோட கணக்குப்படி ஒரு யூனிட் கரண்ட்ல பதிமூணு மணி நேரம் வீடியோ பாக்கலாம். சுடுதண்ணியில பத்து நிமிஷம் ஷவர்ல நின்னா மூணரை யூனிட் காலி, அதாவது நாப்பத்தஞ்சு மணி நேர வீடியோ. என் பையன் இத வெச்சுக்கிட்டு ஒரு மாசம் எங்கள மிரட்டினான். அப்ப எவ்வளவு வேணா பாக்கலாமான்னா, அதுவும் இல்ல. சிறுதுளி பெருவெள்ளம்னு நாமளே சொல்லுவோம்ல? அயர்லாந்துல 2023ல மொத்த மின்சாரத்துல 21 சதவீதம் டேட்டா சென்டருக்கே, அதாவது இணையத்துல நாம பாக்குறதையெல்லாம் சேத்து வெச்சு அனுப்புற கம்ப்யூட்டர் கூடங்களுக்கே போச்சு. அங்க நகரத்து வீடுகள் எல்லாம் சேந்து எடுத்ததே 18 சதவீதம்தான். அப்புறம் போனப் பொறுத்தவரைக்கும் பெரும்பங்கு சுற்றுச்சூழல் பாதிப்பு அதத் தயாரிக்கும்போதே முடிஞ்சிடுது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா புது போன் கேக்குற பிள்ளைகிட்ட சார்ஜர பத்திப் பேசாதீங்க, இதப் பேசுங்க.

சரி, சாம்சோ. அந்தத் தீவ நான் ரொம்பவே சிபாரிசு பண்ணுவேன். நாலாயிரம் பேர் கூட இல்லாத சின்ன ஊரு, உருளைக்கிழங்குக்குப் பேர் போனது. 1997ல டென்மார்க் அரசு ஒரு போட்டி வெச்சுது, எந்தத் தீவு முழுசா புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாறுறதுக்கு நல்ல திட்டம் குடுக்குதுன்னு. சாம்சோ ஜெயிச்சுது. தரையில 11 காற்றாலை, கடல்ல 10. வீடுகள சூடாக்க, வைக்கோல் எரிச்சு தண்ணிய சூடாக்கி குழாய் வழியா அனுப்புறாங்க. காத்து அதிகமா அடிக்கும்போது மிச்ச கரண்ட கடலுக்கடியில கேபிள் வழியா நாட்டுக்கே அனுப்பிடுவாங்க.

மெஷின விட, அது யாரோடதுங்கிறதுதான் எனக்கு சுவாரஸ்யம். விவசாயிங்க, ஊராட்சி, பங்கு போட்ட சாதாரண ஜனங்க, அவங்கதான் முதலாளி. ஊர சம்மதிக்க வெச்சதுல முக்கியமானவர் சோரன் ஹெர்மன்சன், அந்தத் தீவுக்காரர், முன்னாடி வாத்தியார். வீடு வீடா, கூட்டம் கூட்டமா உக்காந்து வருஷக்கணக்கா பேசினாரு. நான் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம் காத்தாடிய பாத்து வளந்தவன். அது யாரோடதுன்னு எங்க யாருக்கும் ஒருநாளும் கேக்கத் தோணல. உங்க பொண்ண அந்த ஒரு கேள்விய மட்டும் அங்க கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

இப்ப நடைமுறை விஷயம். குழுவா போற பயணம் 2 நாள்லேருந்து 30 நாள் வரைக்கும் இருக்கலாம், போக வர செலவு திட்டத்துக் காசுலேருந்து ஸ்கூலுக்கு வரும். உங்ககிட்ட எதுக்குக் கேக்குறாங்கன்னு தெளிவா கேட்டுக்கோங்க. இந்திய பாஸ்போர்ட்டுன்னா அதையும் ரெசிடென்ஸ் கார்டையும் கைப்பையில வெச்சு அனுப்புங்க, டென்மார்க் எல்லையில சோதனை இருக்கலாம். மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவ இன்சூரன்ஸ் கார்டா இருக்கான்னு திருப்பிப் பாருங்க. சைவம்னா தங்குற வீட்டுக்கு இப்பவே எழுதிடுங்க, கடைசி நேரத்துல சொன்னா பாவம் அவங்க தவிச்சுப் போயிடுவாங்க. அந்த வீட்டுப் பிள்ளை பதிலுக்கு உங்க வீட்டுக்கும் வந்து தங்கலாம். எங்க வீட்டுக்கு வந்த பையன் அஞ்சு நாளும் இட்லிக்கு ஜாம் தொட்டுதான் சாப்பிட்டான், நாங்களும் விட்டுட்டோம்.

அந்த மீட்டர மட்டும் பொண்ணு கெளம்புறதுக்கு முன்னாடி நூலகத்துல சொல்லி வெச்சுடுங்க, எங்க ஊர்ல மூணு வாரம் காத்திருந்தோம். சரி, அடுத்த கேள்வி யாரோடது...