களத்துலயே விக்காத ஆளு

(பாபநாசத்துல பிளஸ் டூ பசங்க முன்னாடி பேசினது. டைப் பண்ணிப் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன்.)

தம்பிகளா, தங்கச்சிகளா, பின்னாடி நிக்கிற அப்பா அம்மா எல்லாருக்கும் வணக்கம். ஜோஹோங்கிற சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பிச்ச ஸ்ரீதர் வேம்பு பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. அவரு வேட்டி கட்டிட்டு சைக்கிள்ல போற போட்டோவைத்தான் எல்லாரும் ஃபார்வர்ட் பண்றீங்க, அதைக் கொஞ்சம் விடுங்க. தஞ்சாவூர் ஜில்லா குடும்பம், 1989ல சென்னை ஐஐடி முடிச்சாரு, அப்புறம் அமெரிக்காவுல பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில பிஎச்டி, குவால்காம்னு அங்க ஒரு சிப் கம்பெனில வேலை, அதையும் விட்டுட்டு 1996ல கூடப் பொறந்தவங்க, கூட்டாளியோட சேந்து அட்வென்ட்நெட்னு ஒரு கம்பெனி, அதுதான் 2009ல ஜோஹோ ஆச்சு. அதனால ஒண்ணுமில்லாம வந்தவருன்னு கதை கட்டாதீங்க, படிப்பு முழுசா கையில இருந்துச்சு.

எனக்குப் பெருசாத் தெரியறது அவரு செய்யாத காரியம். வெளி முதலீட்டாளர் பணத்தைத் தொடல.

நம்ம ஊருக்கு இதை வெளக்கவே வேணாம். மண்டிக்காரர்ட்ட முன்பணம் வாங்கி சம்பா நட்டவரு தை மாசம் என்ன பண்றாரு? நெல்லு ஈரமா இருந்தாலும் களத்துலயே அளந்துடணும், வெலையும் அவங்க சொல்றதுதான், கொள்முதல் நிலையம் தொறக்கட்டும்னு ஒக்காந்திருக்க முடியாது. கம்பெனியும் அப்படித்தான், பணம் போட்டவன் ஒருநாள் வந்து வித்துடுன்னு நிப்பான்.

2001 வாக்குல டாட்காம்னு சொல்ற இன்டர்நெட் கம்பெனிங்க மொத்தமா சரிஞ்சப்போ இவங்க சாஃப்ட்வேர் வாங்கிட்டிருந்த நெட்வொர்க் கம்பெனிங்க வரிசையா படுத்துடுச்சு. கழுத்துல கத்தி வைக்க யாரும் இல்லாததால இருந்த ஆளுங்களை வெச்சே மேனேஜ்இன்ஜின்னு, ஆபீஸ்கள்ல கம்ப்யூட்டர், நெட்வொர்க்கைக் கவனிச்சுக்கிற சாஃப்ட்வேர் பக்கம் திரும்பினாங்க, 2005ல இன்டர்நெட்லயே டைப் பண்ற ஜோஹோ ரைட்டர் வந்துச்சு. 2025லயும் பாருங்க, 70 கோடி டாலர் சிப் ஃபேக்டரி திட்டத்தை, டெக்னாலஜி மேல முழு நம்பிக்கை வரலன்னு நிறுத்தி வெச்சாரு. அவ்ளோ ஊரறிய பேசினதுக்கப்புறம் வேணாம்னு சொல்றதுக்கும் தைரியம் வேணும்ல.

ஜோஹோ ஸ்கூல் பத்தி ஒரு அம்மா கேட்டாங்க. பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பசங்களை எடுத்து, ஃபீஸ் வாங்காம, மாசாமாசம் ஸ்டைபண்ட் குடுத்து ரெண்டு வருஷம் கோடிங், இங்கிலீஷ், கணக்குன்னு சொல்லித்தர்றாங்க, தென்காசிப் பக்கமும் நடக்குது. பிஎச்டி படிச்ச மனுஷன் டிகிரி வேணாம்ங்கிறாரேன்னு ஒருத்தர் சிரிச்சாரு, சரியான கேள்விதான். அவருக்கு வேணாம், நம்ம ஊரு கல்யாண புரோக்கருக்கு வேணுமே!

டிகிரி பேப்பர் அங்க கெடைக்காது, நாளைக்கு வேற எடத்துல கேட்டா காட்ட இருக்காது, அதை வீட்ல பேசிட்டு அப்ளை பண்ணுங்க. குரூப் 2 எழுதுற ஆசை இருந்தா டிகிரி கட்டாயம், தபால்ல ஒரு பி.காம். சேந்து வெச்சுக்கங்க.